உறைமோர், வாழைக்கன்று, பென்டிரைவ்

2009ஆம் ஆண்டின் தொடக்கம். மதுரையில் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எல்லா இணையதளமும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. விண்டோஸ் அப்டேட்டும் ஓடவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து சுத்தம் செய்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அதே கோளாறு. அதே வாரம் ஒரு மொத்த வியாபாரக் கடையிலும் அதே அறிகுறி. அப்புறம் ஒரு அச்சகம். அங்கே இருந்தது ஒற்றைக் கம்ப்யூட்டர், இணைய இணைப்பே கிடையாது. "நெட்டே இல்லாத மிஷினுக்கு எப்படித் தம்பி வந்துச்சு?" என்று முதலாளி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவு என் சர்வீஸ் பென்டிரைவை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். மறைத்து வைக்கப்பட்ட ஒரு ஆட்டோரன் கோப்பு, அதாவது செருகியதும் நிரலைத் தானாக ஓடவைப்பது. 'ரீசைக்ளர்' என்ற பெயரில், நான் உருவாக்காத ஒரு ஃபோல்டர். உள்ளே கான்ஃபிக்கர், தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் ஒரு கணினிப் புழு. அந்த வாரம் நான் போன இடம் ஐந்து. ஐந்திலும் அது இருந்தது. கொண்டுபோய் விட்டவன் நான்.

ஐந்து இடத்துக்கும் திரும்பப் போய், நடந்ததைச் சொல்லி, காசு வாங்காமல் சரிசெய்தேன். ஒருவர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அது நியாயம்தான். தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த வாரத்துக்குப் பிறகுதான்.

இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர்களிடம் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "நம்மகிட்ட என்ன சார் இருக்கு, நம்ம கம்ப்யூட்டருக்குள்ள யார் வரப்போறா?" யாரோ ஒருவர் உட்கார்ந்து நம்மைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவார் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட தாக்குதலும் உண்டு. ஆனால் கணினிப் புழு அப்படி வருவதில்லை. பாலில் உறைமோர் விடுகிறோம், காலையில் தயிர். அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாளைய பாலுக்கு. உறையில் இருக்கும் பாக்டீரியா இது யார் வீட்டுப் பால் என்று பார்ப்பதில்லை. பால் இருக்கிறதா, சூடு பதமாக இருக்கிறதா, அவ்வளவுதான். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்றில் தொடங்கினால் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். கண்மாயில் ஆகாயத்தாமரை படர்வதைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பாதிக் கண்மாய் மூடியிருக்கும்போது இன்னும் பாதி இருக்கிறதே என்று தோன்றும். இன்னும் ஒருமுறை இரட்டித்தால் தண்ணீரே தெரியாது.

பொருள் எப்படித் தன்னைத்தானே படைத்துக்கொள்ள முடியும் என்பதைக் கணிதமாக யோசித்தவர் கணித மேதை ஜான் வான் நியூமன். 1948இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் பேசிய உரையில் அந்த யோசனையை முன்வைத்தார். ஓர் இயந்திரம் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்ய வேண்டுமென்றால், அதனிடம் தன்னைப் பற்றிய வரைபடம் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தை அது இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும். முதலில் படித்து, அதன்படி புதிய இயந்திரத்தைக் கட்ட வேண்டும். அப்புறம் அர்த்தம் எதுவும் பார்க்காமல், ஜெராக்ஸ் எடுப்பதுபோல் அப்படியே நகலெடுத்துப் புதியதன் கையில் கொடுக்க வேண்டும். வரைபடத்தைக் கொடுக்காவிட்டால் குழந்தை பிறக்கும், பேரன் பிறக்க மாட்டான். டி.என்.ஏ.யின் வடிவம் தெரியவந்தது 1953இல். செல்லுக்குள் நடப்பது ஏறக்குறைய அவர் சொன்னதுதான். மரபணுவைப் படித்துப் புரதம் செய்வது ஒரு வேலை, டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுப்பது வேறு வேலை. எனக்கு இதை முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

நிஜ இயந்திரங்களில் இது இன்னும் கைகூடவில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரம் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும். மோட்டாரும் மின்சுற்றும் கடையில் வாங்க வேண்டும். பூட்டுவதற்கு ஒரு மனிதரும் வேண்டும். இரும்பையும் செம்பையும் தேடிப் பொறுக்கி, உருக்கி, சேர்ப்பது அவ்வளவு எளிதில்லை.

மென்பொருளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கம்ப்யூட்டர் என்பதே ஓயாமல் நகலெடுக்கும் இயந்திரம். ஒரு கோப்பைத் திறந்தாலும் நகல், அனுப்பினாலும் நகல். வான் நியூமனின் இயந்திரத்துக்குத் தேவைப்பட்ட உதிரிபாகக் கிடங்கு உலகம் முழுவதும் மின்சாரத்தோடு தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது. "என்னை அங்கே நகலெடு" என்று சொல்லத் தெரிந்தால் போதும். 2003 ஜனவரி 25இல் பரவிய ஸ்லாமர் புழுவின் அளவு 376 பைட். தமிழில் ஒரு எழுத்துக்குறிக்கு 3 பைட் என்று வைத்தால், 125 குறிகள். இரண்டு வரிகூடத் தேறாது. தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அது இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது.

விட்டவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது என்பதற்கு 1988 நவம்பர் 2இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புழுவை இணையத்தில் விட்டார். கோப்புகளை அழிக்கும் வேலை எதுவும் அதில் இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் போனதும், ஏற்கெனவே தன் நகல் அங்கே ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் இரண்டில் ஒன்று விலகிவிடும். நிர்வாகிகள் போலியாக "ஓடுகிறது" என்று பதில் சொல்லித் தடுத்துவிடக்கூடும் என்று நினைத்து, ஏழில் ஒருமுறை அந்தப் பதிலைச் சட்டை செய்யாமல் தங்கிவிடும்படி எழுதியிருந்தார். கெடுத்தது அந்த ஏழில் ஒன்றுதான். ஒரே கம்ப்யூட்டரில் நகல் மேல் நகல் குவிந்து, எந்த வேலையும் நடக்காமல் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். நல்லது செய்யப் புறப்பட்ட புழுவும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழுவை விரட்டி, பேட்ச்சும் போட்டுவிடும் நோக்கத்தோடு வெல்ச்சியா வந்தது. அதன் நடமாட்டமே நெட்வொர்க்குகளை முடக்கியது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். புழுவின் பெருக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அது மேய்வதற்கு நாம் எடுத்து வைத்திருக்கும் பிரதிகளைப் பற்றிப் பேசுவதில்லை.

வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம். தாய்வாழையின் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் அதே ருசி, அதே தார். விதை இல்லை, கலப்பு இல்லை. தோப்பு முழுவதும் மரபளவில் ஒரே மரம்தான். உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த குரோ மிஷெல் என்ற வாழை அப்படித்தான் லத்தீன் அமெரிக்காவில் பரவியது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை கொண்டுவந்த பனாமா வாடல் நோய்க்கு ஒரு மரம் விழுந்தால் தோப்பே விழும் என்ற நிலை. 1950களிலும் 60களிலும் வியாபாரம் கேவண்டிஷ் வாழைக்கு மாற வேண்டியதாயிற்று. இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை கேவண்டிஷையும் தாக்கிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கம்ப்யூட்டர் லேப் அமைப்பதும் இப்படித்தான். ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டு, தமிழ் ஃபான்ட், டேலி, பிரிண்டர் டிரைவர் எல்லாம் ஏற்றி, அதை கோஸ்ட் இமேஜ் எடுத்து, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்து, மற்ற முப்பதிலும் இறக்குவோம். அரை நாளில் வேலை முடியும். அட்மின் பாஸ்வேர்டு முப்பதிலும் ஒன்று. பேட்ச் நிலையும் ஒன்று. வாழைத்தோப்பு.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை புழு வெளிவந்தது. சனிக்கிழமை காலை நான் போன அலுவலகத்தில் பதினோரு கம்ப்யூட்டர். ஒன்பதில் சிவப்புத் திரை. எல்லாம் விண்டோஸ் 7, எல்லாம் ஒரே இமேஜ். அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்திருந்தது. இவர்கள் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். காரணம், அசல் அல்லாத விண்டோஸில் அப்டேட் போட்டால் "இது அசல் அல்ல" என்ற செய்தி வந்து நிற்கும் என்ற பயம். இன்றும் எத்தனையோ கடைகளில் இதே காரணத்தைக் கேட்கிறேன். தப்பிய இரண்டும் பாதுகாப்பாக இருந்ததால் தப்பவில்லை. அன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

பேக்கப் இருந்தது. வெளி ஹார்டு டிஸ்க், ராத்திரி பகல் செருகியே கிடந்தது. அதில் இருந்ததும் பூட்டப்பட்டுவிட்டது. பன்னிரண்டு வருடக் கணக்கு. அந்த அலுவலகத்தின் அம்மா ஒருவர் பழைய பிரிண்ட் தாள்களை வைத்து மறுபடி டைப் செய்ய உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் அல்ல, இன்னொரு வாழை. இதை நான் போகும் இடமெல்லாம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நகலெடுத்தவுடன் கழற்றி அலமாரியில் வையுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டர்களுக்கு இனிப் புதிய பேட்ச் வராது. "நல்லாத்தானே ஓடுது" என்பது உண்மை, ஓடும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அதில் திறந்தே கிடக்கும். இணையத்தில் இருந்து எடுத்துவிடுங்கள், அல்லது மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ் போடலாம். பில் அடிக்கவும் மெயில் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

கடையில் இருக்கும் சிசிடிவி ரெக்கார்டரையும் மறக்க வேண்டாம். 2016இல் மிராய் என்ற புழு பரவியது இப்படிப்பட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான். கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும், அவ்வளவே அதன் சாமர்த்தியம். அது மெமரியில் மட்டும் வாழ்வதால் அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். கேமரா மாட்ட வந்தவர் கிளம்பும் முன்பே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

போனிலும் இப்போது இதே கதைதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. அனுப்பியது தெரிந்தவர் எண். அவருக்கே தெரியாமல் போயிருக்கும். நிறுவினால் நம் போனிலிருந்து நம் ஆட்களுக்குப் போகலாம். இங்கே உறை ஊறும் பால் நம் நம்பிக்கை. பத்திரிகை ஏபிகேயாக வராது. படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஏதாவது வந்துவிட்டதாகத் தோன்றினால் முதல் வேலை லேன் வயரைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. பரவலை நிறுத்திவிட்டு அப்புறம் யாரையாவது கூப்பிடுங்கள். பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் சொடுக்காதீர்கள். சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உங்கள் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கும், மீட்டுவிடலாம். பயந்துபோய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

என் பக்கத்தில் நான் மாற்றிக்கொண்டது: எழுத முடியாதபடி பூட்டும் பொத்தான் உள்ள பென்டிரைவ் மட்டுமே எடுத்துப்போகிறேன். எஸ்டி கார்டில் பக்கவாட்டில் இருக்கும் பூட்டை நம்ப வேண்டாம். அதைச் செயல்படுத்துவது கார்டு அல்ல, ரீடர். சில ரீடர்கள் கண்டுகொள்வதில்லை. எங்களைப் போன்ற சர்வீஸ் ஆட்கள் வந்தால், கையில் இருப்பது எந்த வகைப் பென்டிரைவ் என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த அச்சகத்துக்கு இன்றும் போய் வருகிறேன். கவுண்டரில் தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டர், லினக்ஸ் போட்டது, எந்த நெட்வொர்க்கிலும் சேராதது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் முதலில் அதில்தான். போன மாதம் டிசைன் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனேன். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பையன் கையை நீட்டினான். "அண்ணே, அதை இங்க குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்." கொடுத்தேன். செருகி, மறைந்த கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டான்.