தாண்டிக்கொண்டே இருந்த நாய்கள்

"எதிர்மறை வலுவூட்டல் என்பது தண்டனைக்கு இன்னொரு பெயர்தானே?" என்று உளவியல் முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஆனால் பிழை அவர்மீதில்லை, சொல்லின்மீதுதான். எதிர்மறை என்றாலே நம் காதில் கெட்டது என்று விழுகிறது. இந்தத் துறையில் அது வெறும் கழித்தல் குறி.

பூனையைப் புதிர்ப் பெட்டியில் அடைத்து, வெளியே மீனை வைத்து, அது திறக்கக் கற்பதைக் கவனித்த உளவியலாளர் தார்ன்டைக்கை (1898) பாடத்தில் பார்த்திருப்பீர்கள். நெம்புகோலை அழுத்தி உணவு பெற்ற ஸ்கின்னரின் எலிகளும் தெரிந்தவைதாம். ஒரு செயலின் விளைவால் அந்தச் செயல் பெருகினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. ஒன்று வந்து சேர்வதால் அது நடந்தால் நேர், இருந்த ஒன்று விலகுவதால் நடந்தால் எதிர். அவ்வளவுதான்.

அழும் குழந்தையிடம் கைபேசியைக் கொடுக்கிறோம், அழுகை நிற்கிறது. அழுதால் கைபேசி கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது: நேர் வலுவூட்டல். கொடுத்தால் சத்தம் ஓயும் என்று நாம் கற்கிறோம்: எதிர் வலுவூட்டல். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

எனக்கு இதில் தீராத வியப்பு தருவது, தொல்லை வந்தபின் தப்புவதல்ல, வருமுன்னே விலகிக்கொள்வது. ஏனென்றால் விலகிக்கொண்டவருக்கு எதுவுமே நடப்பதில்லை. 'எதுவும் நடக்கவில்லை' என்பது எப்படி ஒரு செயலை வலுவூட்டும்?

1947-ல் உளவியலாளர் மவ்ரர் இதை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதலில் பாவ்லவ் வழி: ஓர் அறிகுறியோடு வலி சேர்ந்து வந்தால், பிறகு அந்த அறிகுறியே பயத்தைக் கிளப்பும். அடுத்தது ஸ்கின்னர் வழி: அறிகுறியை விட்டு ஓடினால் பயம் தணியும். அந்தத் தணிவுதான் பரிசு.

1953-ல் சாலமன், வின் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களைத் தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள். விளக்கு அணைந்த பத்து நொடியில் மின் அதிர்ச்சி. தடுப்பைத் தாண்டினால் அதிலிருந்து தப்பலாம். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.) சில முயற்சிகளிலேயே நாய்கள் விளக்கு அணைந்ததும் தாண்டக் கற்றுக்கொண்டன. பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நிறுத்தவில்லை. நூறு முறை, அதற்கு மேலும், தாண்டிக்கொண்டே இருந்தன. தாண்டும் வேகம்கூடக் குறையவில்லை.

நாயின் பக்கமிருந்து பாருங்கள். தாண்டினேன், அடி விழவில்லை. ஆகவே தாண்டியதால்தான் விழவில்லை. மின்சாரம் போய்விட்டது என்று அறிய ஒரே வழி, தாண்டாமல் நின்று பார்ப்பது. அதைத்தான் அது ஒருநாளும் செய்யாது.

மவ்ரருக்கு இங்கே ஒரு சிக்கல். நன்றாகப் பழகிய நாய்களிடம் பயத்தின் அடையாளமே தெரியவில்லை. பயமே இல்லையென்றால் எது தணிகிறது? அதனால் பின்னால் வந்தவர்கள் எதிர்பார்ப்பைக் கொண்டுவந்தார்கள்: 'தாண்டினால் அடியில்லை' என்று நாய் எதிர்பார்க்கிறது, ஒவ்வொரு தாண்டலும் அதை மெய்ப்பிக்கிறது. எனக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கிறது. ராசியான பேனா இல்லாமல் தேர்வெழுத மறுப்பவரிடம் புள்ளிவிவரம் சொல்லிப் பயனில்லாததும் இதனால்தான். அவர் முட்டாள் அல்லர்; வேறு பேனாவில் எழுதிய தேர்வு என்று அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

இதே முடிச்சு நோயாகவும் இறுகும். கைகழுவிக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு கழுவலும் ஒரு தாண்டல். 1966-ல் உளவியலாளர் விக்டர் மேயர் அப்படிப்பட்ட நோயாளியிடம் பேசித் திருத்த முயலவில்லை. அசுத்தம் என்று நோயாளி அஞ்சியதைத் தொடவைத்து, கழுவவிடாமல் செவிலியர்கள் உடனிருந்தார்கள். பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு எவரும் எதுவும் செய்யாமலே இறங்கியது. அறையின் தண்ணீர்க் குழாயைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள்.