கீழே விழுந்த பேனா

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பிழைக்க வழியில்லாத விலங்குகளை ஊசி போட்டு வலியில்லாமல் சாகவிடுவதும் என் வேலையில் ஒரு பகுதி, ஆனால் போன வருடம் வந்த ஒரு கறுப்பு லாப்ரடாரை மறக்க முடியவில்லை. பதினோரு வயது. மண்ணீரலில் கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு ஒன்பது வருடம் கையும் காலுமாக இருந்தவன். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் பேனா நழுவிக் கீழே விழுந்தது. பாயில் கிடந்தவன் தலையைத் தூக்கினான், முன்னங்காலை ஊன்றப் பார்த்தான், முடியவில்லை. "விடுடா கண்ணா" என்றார் அவர். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வளர்த்த நாய் போனால் எல்லோருக்கும் அழுகை வரும். இவனைப் போல உடல் இயலாதவருக்கு உதவப் பழக்கிய 'உதவி நாய்' போனால் அந்த அழுகையோடு, மறுநாள் காலையில் காலுறையை இழுத்துவிடவும் ஆள் இல்லை.

இந்த நாட்டில் உதவி நாய் என்றால் பலருக்கும் நினைவு வருவது என்டல். 1991 வளைகுடாப் போரில் தலையில் அடிபட்டு, கட்டிய மனைவியையும் பெற்ற பிள்ளைகளையும்கூட மறந்துபோன கடற்படைக்காரர் ஆலன் பார்ட்டனின் லாப்ரடார். பேச்சு வராத அவருடைய கைச்சைகைகளையே நூற்றுக்கு மேல் கற்றுக்கொண்டவன், ஏடிஎம்மில் அட்டையும் பணமும் எடுத்துக் கொடுத்தவன். 2001இல் கார் மோதி அவர் நாற்காலியிலிருந்து விழுந்து நினைவிழந்தபோது, உடம்பைப் பக்கவாட்டில் புரட்டி, போர்வையை இழுத்து மூடி, காருக்கு அடியில் கிடந்த கைப்பேசியை எடுத்து வந்து வைத்துவிட்டு, ஆள் கூப்பிட ஓடினான். இத்தனைக்கும் முன்னங்கால் மூட்டில் கோளாறு உள்ள நாய்! என்னைப் போன்ற ஒரு மருத்துவர் வேலைக்கு ஆகாது என்று எழுதித் தள்ளியிருக்கலாம்.

2009 மார்ச்சில் என்டல் இறந்தபோது, அவன் இடத்துக்கு வரவேண்டிய குட்டி ஈஜே ஏற்கெனவே வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. மறுவருடமே பார்ட்டன் காயம்பட்ட வீரர்களுக்கு நாய் தரும் 'ஹவுண்ட்ஸ் ஃபார் ஹீரோஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

எல்லோருக்கும் அப்படி அடுத்த குட்டி தயாராக இருப்பதில்லை. ஒரு குட்டி வேலைக்குத் தயாராகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும். முதல் ஒரு வருடத்துக்கு மேல் தன்னார்வலர் வீட்டில் வளரும், அப்புறம்தான் பயிற்சி நிலையம். தீவனம், தடுப்பூசி, எக்ஸ்ரே, பயிற்றுநர் சம்பளம், பாதியில் தேறாமல் போகும் குட்டிகளின் செலவு எல்லாம் பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. மொத்தமாக ஒருமுறை கொடுப்பதைவிட மாதாமாதம் சின்னத் தொகை கொடுங்கள், இரண்டு வருடத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் உதவும். பணம் இல்லையா, வீட்டில் இடமும் பொழுதும் இருக்கிறதா, குட்டி வளர்க்க முன்வாருங்கள்.

அந்தக் கறுப்பனின் உரிமையாளர் மூன்று மாதம் அடுத்த நாய்க்கு விண்ணப்பமே போடவில்லை, அவனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது என்றார். இப்போது போட்டிருக்கிறார், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. அதுவரை கீழே விழுவதை எல்லாம் ஒரு நீளமான இடுக்கியால் எடுத்துக்கொண்டிருக்கிறார்.