காந்தல் பிடிக்காம பாத்துக்கிற காந்தம்

போன வாரம் ஒரு அக்கா கேட்டாங்க, "எலக்ட்ரிக் ரைஸ் குக்கர்ல சோறு வெந்ததும் டக்குன்னு பட்டன் மேல ஏறிக்குதே, வெந்துடுச்சுன்னு அதுக்கு எப்படிப்பா தெரியுது? உள்ள டைமர் இருக்கா, சிப் இருக்கா? அப்புறம் சோறு கொஞ்சம் நறுக்குன்னு இருக்கேன்னு உடனே திரும்ப அழுத்துனா பட்டன் நிக்கவே மாட்டேங்குது, ரிப்பேர் ஆயிடுச்சா?"

ரிப்பேர் எல்லாம் இல்லக்கா. நீங்க சொல்ற அந்த ஒத்தை பட்டன் வச்ச சாதா குக்கர்ல டைமரும் கிடையாது சிப்பும் கிடையாது. சோறு வெந்துச்சான்னு அதுக்குத் தெரியவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பாத்திரத்துல தண்ணி தீந்துடுச்சு. அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா அதே குக்கர்ல முட்டை அவிச்சுப் பாருங்க, முட்டை வெந்து ரொம்ப நேரம் ஆனாலும் தண்ணி கெடக்குற வரைக்கும் அது பாட்டுக்குக் கொதிச்சுட்டே இருக்கும், தானா அணையாது. அதனால சோறு பதமா வருமா குழையுமான்னு முடிவு பண்றது குக்கர் இல்ல, அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணின்னு ஊத்துறீங்களே, அந்தக் கை.

இந்த யோசனை வந்த கதை ஜப்பான்ல நடந்தது. அங்க சோறு வடிக்கிற பழக்கம் கிடையாது, தண்ணி மொத்தமும் அரிசியே குடிச்சு வத்தணும், விறகு அடுப்புல அதைப் பண்றது லேசுப்பட்ட வேலை இல்ல. முதல்ல சின்னத் தீ, நடுவுல பெருந்தீ, குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதேன்னு அங்க ஒரு சொலவடையே இருக்கு, அப்படின்னா பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு பக்கத்துலயே உக்காந்திருக்கணும்னு அர்த்தம். 1945ல போர் முடிஞ்ச கையோட, பின்னாடி சோனின்னு ஆன சின்னப் பட்டறையில இபுகா மசாரு ஒரு மரத்தொட்டியில அலுமினியத் தகடு வச்சு அரிசித் தண்ணிக்குள்ளயே கரண்ட் விட்டுப் பாத்தார். தண்ணி வத்துனா கரண்ட் போற வழி அடைபட்டு தானா நின்னுடும். யோசனை ரொம்ப அழகு, ஆனா அரிசிக்கு அரிசி, தண்ணிக்குத் தண்ணி மாறி ஒரு நாள் வேகாமலும் ஒரு நாள் களியாவும் வந்துச்சு, விக்க முடியல.

அடுத்து தோஷிபா. அவங்களுக்கு வாட்டர் ஹீட்டர் பண்ணிக் குடுத்துட்டிருந்த சின்னத் தொழிற்சாலைக்காரர் மினாமி யோஷிததாகிட்ட இந்த வேலை வந்துச்சு. உண்மையில பாடுபட்டது அவரோட மனைவி ஃபுமிகோ. ஒரு பொறியியல் படிப்பும் இல்லாம, வீட்டு அடுப்புல சோறு பொங்கிப் பொங்கி, எவ்வளவு தண்ணி, எத்தனை நிமிஷம், என்ன சூடுன்னு எழுதி எழுதி வச்சாங்க. கொதி வந்த பிறகு 98 டிகிரிக்குக் குறையாம ஒரு 20 நிமிஷம் இருந்தா மாவுச்சத்து நல்லா வெந்துடும்ங்கிறதுதான் கணக்கு. அந்த 20 நிமிஷத்தை அளக்க பாத்திரத்துக்கு வெளியே இன்னொரு பாத்திரம் வச்சு அதுல ஒரு சின்ன அளவு தண்ணி ஊத்துனாங்க, அது 20 நிமிஷத்துல ஆவியாகித் தீந்ததும் சூடு 100ஐத் தாண்டும், ரெண்டு உலோகம் ஒட்டுன பட்டை வளைஞ்சு கரண்டைத் துண்டிக்கும். 1955 டிசம்பர்ல அந்தக் குக்கர் கடைக்கு வந்துச்சு. இதுல ஃபுமிகோ பேரை எத்தனை பேருக்குத் தெரியும்னு யோசிச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் வந்த குக்கர்கள்ல வெளிப் பாத்திரமும் போச்சு, வளையுற பட்டையோட இடத்துக்குக் காந்தம் வந்துச்சு. எனக்கு உசுருக்கு உசுரான இடம் இதுதான்.

பாத்திரத்தை எடுத்துட்டு குக்கருக்குள்ள பாருங்க, சூடாகுற தட்டுக்கு நட்ட நடுவுல ஸ்பிரிங் வச்ச ஒரு வட்டக் குமிழ் இருக்கும். அதுக்குள்ள மேல காந்தத்துல ஒட்டுற ஃபெரைட்ங்கிற பொருள்ல செஞ்ச ஒரு வில்லை, கீழ ஒரு நிரந்தரக் காந்தம். நீங்க பட்டனை அழுத்துனா கீழ இருக்கிற காந்தம் மேல போய் வில்லையோட ஒட்டிக்கும், சர்க்யூட் மூடி கரண்ட் பாயும், தட்டு சூடாகும். தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரத்தோட அடி 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும், ஏன்னா வர்ற சூட்டை எல்லாம் தண்ணி ஆவியாகுறதுக்கே தின்னுடும், இது ஸ்கூல்லயே படிச்சதுதான். தண்ணி தீந்த உடனே சூடு விறுவிறுன்னு ஏறும், 103, 104 டிகிரி கிட்ட வந்ததும் அந்த ஃபெரைட் வில்லை காந்தத்துல ஒட்டுற குணத்தையே விட்டுடும். பிடி விட்டதும் ஸ்பிரிங் இழுக்க காந்தம் கீழ விழும், அந்த 'டக்' சத்தம் அதுதான். நம்ம தமிழ்ல அடிப்பிடிச்ச சோறுக்கு காந்தல்னு பேரு, அந்தக் காந்தல் பிடிக்கிறதுக்குள்ள ஒரு காந்தம் கைய விட்டுடுதுன்னு நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

சரி, சூடானா ஏன் விடுது? தேர் இழுக்கிறதை நினைச்சுக்கோங்க. வடத்தைப் பிடிச்ச அத்தனை பேரும் ஒரே பக்கம் இழுத்தாதான் தேர் நகரும். காந்தத்துல ஒட்டுற பொருளுக்குள்ள ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்துல இருக்கிறவன் எந்தப் பக்கம் பாக்குறானோ அதை வச்சுத்தான் இவனும் நிப்பான். சூடுங்கிறது கூட்டத்துல நடக்குற தள்ளுமுள்ளு. கொஞ்சம் சூட்டுல ஒண்ணு ரெண்டு பேர் தடுமாறுவாங்க, மத்தவங்க பிடிச்சு நிறுத்திடுவாங்க. ஆனா தடுமாறுறவங்க கூடக்கூட நேரா நிக்கிறவங்களுக்கும் பிடிமானம் குறையும், அதனால இன்னும் நாலு பேர் தடுமாறுவாங்க, அதனால இன்னும் நாப்பது பேர். அதான் இந்த குணம் கடைசி வரைக்கும் சீரா குறையாம, கடைசி சில டிகிரியில சடசடன்னு சரிஞ்சுடுது. ஒரு சுவிட்சுக்கு இதைவிட நல்ல குணம் வேற என்ன வேணும்! சூடு ஆறுனா திரும்ப எல்லாரும் வரிசையில வந்து நின்னுடுவாங்க, ஒரு தேய்மானமும் கிடையாது.

அந்த சரியுற சூட்டுக்கு க்யூரி வெப்பநிலைன்னு பேரு, ரேடியம் மேரி க்யூரியோட கணவர் பியர் க்யூரி 1895ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணினது இதைத்தான். இரும்புக்கு 770 டிகிரி, நிக்கலுக்கு சுமார் 358. கடோலினியம்னு ஒரு உலோகத்துக்கு 20 டிகிரிதான், அது மெட்ராஸ் வெயில்ல காந்தத்துல ஒட்டாது, ஊட்டி குளிர்ல ஒட்டும்! இரும்பையோ நிக்கலையோ வச்சா சோறு கரியான பிறகுதான் குக்கர் அணையும். அதுக்குத்தான் ஃபெரைட், 1930ல டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்துல கத்தோ யோகோரோவும் தக்கேய் தக்கேஷியும் கண்டுபிடிச்சது. இரும்பு ஆக்சைடோட வேற உலோக ஆக்சைடுகளைக் கலந்து ஓடு சுடுற மாதிரி சூளையில சுட்டு எடுக்கிறது. அதுல துத்தநாகத்தைக் கூட்டக் கூட்ட க்யூரி வெப்பநிலை இறங்கும், ஏன்னா துத்தநாக அயனிக்குக் காந்த குணம் கிடையாது, அது வந்து நின்ன இடத்துல வரிசை அறுந்துடும். நமக்கு எந்த டிகிரி வேணுமோ அதுக்கு ஏத்த மாதிரி கலந்துக்கலாம்.

1895ல யாராவது பியர் க்யூரிகிட்ட "காந்தத்தைச் சுட வச்சு என்னய்யா பிரயோஜனம்"னு கேட்டிருந்தா ரைஸ் குக்கர்னு அவரால சொல்லியிருக்க முடியுமா? இன்னைக்கும் அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு கேட்டா இதே கேள்விதான் வருது, அது எனக்கு ஆத்தாமையா இருக்கு. இன்னொரு பக்கம் ரத்த ஓட்டம் சீராகும்னு சொல்லி காந்த வளையல், காந்த மெத்தைன்னு ஆயிரக்கணக்குல விக்கிறாங்க, படிச்சவங்களே வாங்குறாங்க. ரத்தத்துல இருக்கிற இரும்பு, ஆணி மாதிரி காந்தத்துல ஒட்டுற இரும்பு இல்லைங்க, ஒட்டுறதா இருந்தா பெரிய காந்தம் வச்ச எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினுக்குள்ள போன யாரும் உசுரோட வெளிய வர முடியாது. அந்தக் காசை உங்க ஊர் ஸ்கூல் லேபுக்கு நாலு நல்ல காந்தம் வாங்கிக் குடுங்க.

அக்கா கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அணைஞ்ச உடனே அழுத்துனா பட்டன் நிக்காததுக்குக் காரணம், வில்லை இன்னும் சூடா இருக்கு, அதுக்குக் காந்த குணம் திரும்பல. கொஞ்ச நேரம் ஆற விடுங்க, இல்லன்னா சோத்துல அரை டம்ளர் தண்ணி தெளிச்சுட்டு சில நிமிஷம் கழிச்சு அழுத்துங்க, நிக்கும். கட்டாயப்படுத்தி ரப்பர் பேண்ட் போட்டு, குச்சி வச்சு அழுத்தி நிறுத்தாதீங்க, அது பாதுகாப்பைக் கழட்டி வைக்கிற மாதிரி. பாத்திரம் வைக்காம அழுத்துனாலும் நிறைய குக்கர்ல நிக்காது, பாத்திரத்தோட கனம் குமிழைக் கீழ அமுக்குனாதான் காந்தத்துக்கு வில்லை எட்டும். அப்புறம் பாத்திரத்தோட அடியில ஈரமோ ஒரு சோத்துப் பருக்கையோ ஒட்டியிருந்தா குமிழ் பாத்திரத்தைச் சரியா தொடாது, கணக்கு தப்பி அரைவேக்காட்டுலயே அணைஞ்சுடலாம், வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு துணியால அடியையும் குமிழையும் துடைச்சுட்டு வைங்க.