செல்ஃப் அடித்ததும் எல்லாம் அணைகிறதா? பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள்

காரின் சாவியை ஆன் செய்தால் டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஹார்னும் அடிக்கிறது. செல்ஃப் அடித்தால் ஒரே ஒரு ‘டிக்’, அத்தோடு விளக்கு, ஹார்ன், கடிகாரம் என எல்லாம் செத்துவிடுகின்றன. பத்து நிமிடம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, விளக்குகள் திரும்பி வருகின்றன. இந்தக் குறையோடு பட்டறைக்கு வரும் வண்டிகளைத் திறந்து பார்த்தால், பல நேரங்களில் உள்ளே புத்தம்புதிய பேட்டரி இருக்கிறது. பழுது மட்டும் பழையதாகவே இருக்கிறது.

இது பெரும்பாலும் பேட்டரி பழுது அல்ல, இணைப்புப் பழுது. இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் கேள்வி: “லைட் நல்லா எரியுதே, கனெக்‌ஷன் எப்படிப் போயிருக்கும்?” தயவுசெய்து இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். டேஷ்போர்டு விளக்குகளுக்கு ஓரிரு ஆம்பியர் போதும். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 10 ஆம்பியர் அளவுதான். செல்ஃப் மோட்டார் சிறிய பெட்ரோல் காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசலில் அதற்கும் மேல். பேட்டரியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனைக்கும் (போஸ்ட்) அதைக் கவ்வும் கேபிள் பிடிக்கும் (கிளாம்ப்) நடுவில் உப்புப் பூத்து, வெறும் 0.05 ஓம் தடை உருவாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் போகும்போது அங்கே இழப்பு 0.25 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 7.5 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். மீதமுள்ள வோல்ட்டில் செல்ஃப் சுற்றாது. அதோடு நிற்பதும் இல்லை. ஊசிமுனை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்த தொடுபுள்ளி சூட்டில் தீய்ந்து, தொடர்பே அறுந்துபோகிறது. அதனால்தான் கடிகாரம்கூட அணைகிறது. ஆறியதும் உலோகம் மறுபடி லேசாக உரசிக்கொள்கிறது, விளக்கு வருகிறது. லைட் எரிவது இணைப்பு நன்றாக இருப்பதற்குச் சாட்சியே அல்ல.

“பேட்டரி மாத்தினதும் சரியாயிடுச்சே” என்பது அடுத்த வாதம். மாற்றும்போது கிளாம்பைக் கழற்றி, புதிய போஸ்டில் திருகிப் பூட்டினீர்கள் அல்லவா? அந்த உரசலில் கொஞ்சம் உலோகம் வெளியே வந்தது, அவ்வளவுதான். கிளாம்பின் உட்புறம் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் அதே ‘டிக்’ திரும்பும். ஜம்பர் கேபிள் போட்டால் ஸ்டார்ட் ஆவதும் பேட்டரி செத்ததற்கு ஆதாரம் இல்லை. கேபிளின் வாயை வண்டியின் கிளாம்பில் மாட்டினால் கெட்டுப்போன இணைப்பைத் தாண்டி மின்சாரம் போய்விடுகிறது. பிறகு ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

கையில் கருவி எதுவும் இல்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறையாமல் செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் குறை செல்ஃப் மோட்டார், ரிலே, கிளட்ச் அல்லது கியர் சுவிட்ச் பக்கம். மெல்ல மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது செல்ஃப் இறுகிவிட்டது. சட்டென்று முழுதாக அணைந்தால் இணைப்பு.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் யூகமே வேண்டாம். எல்லாம் அணைந்து கிடக்கும் அந்த நேரம்தான் பழுதைப் பிடிக்கச் சரியான நேரம். கிளாம்பைத் தட்டி, ஆட்டி அதைக் கெடுத்துவிடாதீர்கள். ஹெட்லைட் சுவிட்சை ஆனில் விட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி போஸ்டின் நடு உச்சியில், இன்னொரு முனை அதே போஸ்டைக் கவ்வும் கிளாம்பில். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் அறுந்த இடம் அதுவேதான். விளக்கு திரும்பியிருந்தால், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க மற்றவர் அளக்கட்டும். போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நெகட்டிவ் போஸ்டிலிருந்து எஞ்சின் உடம்புக்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பக்கம், அதாவது நெகட்டிவை பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் வழியில், பழுது. பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்.

அந்த வழியில் இருக்கும் எர்த் பட்டையை யாருமே பார்ப்பதில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதற்கு மின்தொடர்பு தருவது அந்தப் பின்னல் பட்டைதான். கிளட்ச் வேலை, கியர்பாக்ஸ் வேலை முடிந்த பிறகு இந்தப் பழுது தொடங்கியிருந்தால் முதலில் அதன் போல்ட்டைப் பாருங்கள். பட்டை அறுந்தால் அவ்வளவு மின்சாரமும் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியே பாயும். அவை சூடாகிப் புகைந்தால் இன்னொரு முறை செல்ஃப் அடிக்கவே கூடாது.

சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் தீப்பொறிதான், பேட்டரியைச் சுற்றி இருப்பதோ ஹைட்ரஜன் வாயு. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினால் வெள்ளைப் பூப்பு நுரைத்துக் கரையும். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, போஸ்டையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கையால் திருகினால் அசையாத அளவுக்கு முடுக்கிய பிறகுதான் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. தளர்ந்த கிளாம்புக்குள் தகரத் துண்டு, வயர் இழை எதையும் திணிக்காதீர்கள். கிளாம்பை மாற்றுங்கள். சுத்தியலால் தட்டினால் ஈய போஸ்டின் அடி விரிந்து, உள்ளே பிளேட்டோடு இருக்கும் இணைப்பு முறியும்.

ஸ்டீரியோ, அலாரம், கூடுதல் ஹார்ன் என நாலு வயரை ஒரே நட்டுக்கு அடியில் அடுக்கியிருந்தால் பிரித்தெடுங்கள். மெயின் கேபிள் நேரடியாகக் கிளாம்பைத் தொட வேண்டும்.

உண்மையிலேயே பேட்டரி போகும் வண்டிகளும் உண்டு. கிளாம்பைத் தொடாமல் இரண்டு போஸ்டுகளின் மேல் மட்டும் மீட்டர் முனைகளை வையுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குச் சரிந்து திரும்ப ஏறினால் உள்ளிணைப்பு முறிந்திருக்கிறது. அதற்கு சார்ஜ் ஏற்றுவதால் பயனில்லை. புதியதைப் பூட்டும்போது பழைய கிளாம்பையும் தேய்த்துத்தான் பூட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.