லைக் போட்டால் விசாரித்ததாகுமா?

"ஒரு போட்டோ விடாம ஹார்ட் போட்டிருக்கேன் மேடம். அக்கா ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கணவரைப் பிரிந்து மாதக்கணக்காகத் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் தங்கை கேட்டது இது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்கா தங்கைக்குள் சண்டை எதுவும் இல்லை. தினமும் ஸ்டேட்டஸ் பார்த்ததால் போன் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குடும்ப நல ஆலோசகரான என்னிடம் இதே கதை அண்ணன் தம்பி, பழைய தோழிகள், அப்பா மகன் என்று ஆள் மாறி வந்துகொண்டே இருக்கிறது. "நாங்க டச்லதான் இருக்கோம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த டச்சில்? கடைசியாக அவர் குரலை எப்போது கேட்டீர்கள் என்றால் யோசிக்கிறார்கள்.

ஃபேஸ்புக் 2004இல் தொடங்கியபோது, நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய அவர் பக்கத்துக்கு நாமாகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. 2006இல் நியூஸ் ஃபீட் வந்தது. எல்லோர் சமாச்சாரமும் நம் திரைக்கே வர ஆரம்பித்தது. 2009இல் லைக் பொத்தான் வந்தபின், இரண்டு வரி எழுதும் வேலையும் மிச்சம். தேடிப்போய் விசாரிக்கும் பழக்கம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது.

ஃபீடில் வருவது, ஒருவர் போட்டதில் நமக்குப் பிடிக்கும் என்று அது பொறுக்கித் தருவது மட்டுமே. அவர் போடாமல் விட்டது அதில் வராது. இரண்டு வாரமாக ஒருவர் எதுவும் பதிவிடவில்லை என்றால், அந்த இடத்தில் வேறு யாரோ வந்து நிரப்பிவிடுகிறார்கள். அவர் காணாமல் போனதே நமக்குத் தெரிவதில்லை. அந்த அக்கா போட்ட படங்கள் பொய்யில்லை. பிள்ளையின் பிறந்தநாளில் நிஜமாகவே சிரித்திருக்கிறார். முந்தின நாள் இரவு முழுக்க அழுததை யார் ஸ்டேட்டஸில் வைப்பார்கள்?

ஒரு மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்றும், அதில் மிக நெருக்கமானோர் ஐந்து பேர் அளவில்தான் என்றும் ஆய்வாளர் ராபின் டன்பார் சொல்கிறார். அந்த எண்ணோடு உடன்படாத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் முன்பின் தெரியாத நூறு பேருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த ஐந்து பேருக்கு நேரமில்லை என்று சொல்பவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும் இந்தத் தளங்கள் பெரிய துணைதான். மறுக்கவில்லை. பேச்சைத் தொடங்க அவற்றைப் பயன்படுத்துங்கள். படம் பார்த்தீர்களா? சரி, அப்புறம் போனை எடுத்துக் கூப்பிடுங்கள். பேசச் சங்கடமாக இருந்தால் குரல் பதிவாவது அனுப்புங்கள். "எப்படி இருக்கே?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "தூக்கம் வருதா? வீட்ல யார் கூட இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

மனஸ்தாபத்தை மெசேஜில் தீர்க்காதீர்கள். நீல டிக் வந்தும் பதில் இல்லை என்று ஸ்கிரீன்ஷாட்டோடு என்னிடம் வராதீர்கள். அவர் திறந்து பார்த்தார் என்பதைத் தவிர, அந்த டிக்கிலிருந்து எதுவும் தெரியாது.

சிரித்த படங்களைப் போட்டுவிட்டு உள்ளுக்குள் தவிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம், இன்றைக்கே, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.