கார்ட் சொல்வதை நம்பாதீர்கள், நிரப்பிப் பாருங்கள்

இந்த மாசியில் இப்படிப் பதிவைப் பறிகொடுத்து வருவது இது மூன்றாவது முறை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி ஹட்டனில் உள்ள என் கடைக்கு மெமரி கார்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தை இரவு எட்டு மணியிலிருந்து விடியும் வரை பதிவு செய்திருக்கிறார். தப்புப் பறையின் அடி நெஞ்சில் விழுவதுபோல் கேட்கிறது. அதிகாலை மூன்றரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, அளவும் காட்டுகிறது, உள்ளே வெறுமை. காமன் தகனமும் ரதியின் புலம்பலும் போய்விட்டன. ரதிக்குப் பாடியவர் எழுபதைத் தாண்டிய தாத்தா. இன்னொரு நாள் பாடச் சொல்லலாமே என்கிறவர்களுக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, அந்த இரவில் பாடுகிற குரல் எதுவென்று தெரியாது.

கார்டில் 64 ஜிபி என்று அச்சடித்திருந்தது. சோதித்தேன். உள்ளே இருந்தது 8 ஜிபி.

"கணினியும் 64 என்றுதானே காட்டியது அண்ணே?" என்று அவர் கேட்டார். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். கணினி எதையும் அளந்து பார்ப்பதில்லை. "உன் கொள்ளளவு என்ன?" என்று கார்டிடம் கேட்கிறது, கிடைத்த பதிலைத் திரையில் போடுகிறது. போலி கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லு 64 என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். 8 நிறைந்த பின்னும் "எழுதிவிட்டேன்" என்றே பதில் சொல்லும். சில கார்டுகள் புதிதாக வருவதை எறிந்துவிடும், சில பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். ரெக்கோர்டரில் நிமிடம் ஓடும், ஒலிமட்டம் ஆடும், உங்களுக்கு எதுவும் தெரியாது.

ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்டேன், நன்றாக இருந்தது என்பார்கள். அந்த ஐந்து நிமிடம் உண்மையான 8 ஜிபிக்குள்தானே விழும்? ஃபோர்மட் செய்தபோது பிழை வரவில்லை என்பார்கள். விரைவு ஃபோர்மட் கோப்பு அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது, மற்ற இடத்தைத் தொடுவதே இல்லை.

கார்ட் முழுவதையும் நிரப்பி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். அதற்கான மென்பொருள், விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். 32 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். ஒரேயொரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுங்கள், அதற்காகவே பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். சோதனை முடிந்ததும் பதிவு செய்யப்போகும் ரெக்கோர்டரிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். பிறகு ஓர் இரவு முழுவதும் வானொலியின் பக்கத்தில் ஓடவிட்டு, காலையில் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள்.

வேகமான கார்டுக்குக் காசு கொட்டாதீர்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவில் வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிப்பதிவுக்கு விநாடிக்கு 0.3 எம்பிகூடத் தேவையில்லை. வேகத்தில் வகுப்பு 10 (Class 10) என்று குறித்த கார்ட் விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். வேகத்தால் ஒலி இனிமையாவதும் இல்லை. மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும், ஆகவே நம்பகமான 32 ஜிபி கார்ட் கூத்துக்குத் தாராளம். பழைய ரெக்கோர்டர்கள் பல அதற்கு மேல் ஏற்பதும் இல்லை. நீண்ட பதிவை ரெக்கோர்டர் 2 அல்லது 4 ஜிபியில் துண்டாக்கினால் பயப்படாதீர்கள், அது கார்டின் கோப்பு முறையோ வேவ் கோப்பு வடிவமோ விதிக்கும் வரம்பு.

நுவரெலியாக் குளிரில் பற்றரி சீக்கிரம் சோரும், நள்ளிரவில் மாற்றுங்கள். ஆனால் நிறுத்து பொத்தானை அழுத்தி, கோப்பு மூடிய பிறகே மாற்றுங்கள். வேவ் கோப்பின் தொடக்கத்திலுள்ள தகவல் பகுதியில் பதிவின் நீளம் அப்போதுதான் எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் போனதால் திறக்காத கோப்பைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம், அதே கார்டில் மேலும் பதிவு செய்யாமல் கொண்டுவந்தால். போலி கார்டில் விழாமல் போனதை மீட்க என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது.

அந்தத் தம்பி கடையிலேயே உட்கார்ந்து புதிய கார்ட் இரண்டைச் சோதித்து, தேதி எழுதி ஒட்டிக்கொண்டு போனார். உங்கள் தோட்டத்து லயன் வீடுகளிலும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த அப்பாயி ஒருவர் இருப்பார். அவர் முன்னால் ரெக்கோர்டரை வைப்பதற்கு முந்திய நாளே இதைச் செய்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.