கொவல்ஸ்கி: சொல் விளக்கம்

போலந்தில் மாதிரி விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பெயர் எழுதும் கட்டத்தில் பெரும்பாலும் ‘யான் கொவல்ஸ்கி’ இருப்பார். விலைவாசி, வரி பற்றிய செய்திகளிலும் ‘சராசரி கொவல்ஸ்கி’தான் அடிபடுவார். நம்மூர்க் குப்பன் சுப்பன் போலத்தான். ஆனால் கொவல்ஸ்கி என்ற குடும்பப்பெயரில் உண்மையான மனிதர்களும் 1,30,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் முதலிடம் நொவாக் என்ற பெயருக்கு. ஊருக்குப் புதிதாக வந்தவர் என்று அதற்குப் பொருள். இரண்டாமிடம் கொவல்ஸ்கிக்கு.

போலிஷ் மொழியில் ‘கொவல்’ என்றால் இரும்படிக்கும் கொல்லர். அடித்து உருவாக்குதல் என்ற பொருள்கொண்ட பழைய ஸ்லாவிய வினையிலிருந்து பிறந்த சொல். உக்ரைனின் கொவலென்கோவும் இதே குடும்பம். ஹங்கேரியர்களின் கோவாச் ஸ்லாவிய மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல். ஜெர்மானியரின் ஷ்மிட், ஆங்கிலேயரின் ஸ்மித் ஆகியவற்றின் வேர் வேறு, தொழில் ஒன்றே. ஊருக்கு ஒரு பட்டறையாவது இருந்த காலத்தில் இந்தப் பெயர் பெருகாமல் இருந்தால்தான் வியப்பு.

சிக்கல் ‘ஸ்கி’யில் இருக்கிறது. இது ‘உரிய, சார்ந்த’ என்று பொருள்தரும் பெயரடை விகுதி. முதலில் நிலவுடைமைப் பிரபுக்கள்தான் தங்கள் ஊர்ப்பெயரோடு இதைச் சேர்த்துக்கொண்டார்கள். தார்னூவ் நகருக்கு உரியவர் தார்னொவ்ஸ்கி ஆனார். அந்த மதிப்பைப் பார்த்து நகரத்தாரும் குடியானவர்களும் பின்னாளில் ஒட்டிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா அரசுகள் எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்றபோது அது இன்னும் பரவியது. ஆகவே ‘ஸ்கி’ என்று முடிந்தாலே பிரபு வம்சம் என்று பெருமை பேசுவதை நம்ப வேண்டியதில்லை.

ஒரு கொவல்ஸ்கியின் மூதாதை கொல்லராக இருந்திருக்கலாம். கொவல், கொவலே போன்ற பெயருள்ள ஊரிலிருந்து வந்தவராகவும் இருந்திருக்கலாம். கொவல் என்ற சிற்றூர் இன்றும் இருக்கிறது. 1310இல் போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் பிறந்தது அங்கேதான்.

பெயரடை என்பதால் பால் மாறும்போது பெயரும் மாறும். அண்ணன் கொவல்ஸ்கி என்றால் தங்கை கொவல்ஸ்கா. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இறை இரக்கப் பக்தி வழியே அறிந்த புனித ஃபவுஸ்தினாவின் (1905–1938) இயற்பெயர் இப்படித்தான் ஹெலெனா கொவல்ஸ்கா. அவருடைய தந்தை கொவல்ஸ்கி, ஆனால் தச்சு வேலை செய்தவர். நொவாக் பெயர்ச்சொல் என்பதால் இன்று பெண்ணுக்கும் நொவாக்தான்.

தமிழில் ‘கொவல்’ என்பதற்கு நேர்ச்சொல் கொல்லர். கருமான் என்றும் சொல்லலாம். கொவல்ஸ்கியின் பொருளை விளக்க ‘கொல்லனூரார்’ பொருந்தும். பெயராக எழுதும்போது மொழிபெயர்க்காமல் கொவல்ஸ்கி என்றே விடுவது நல்லது. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கௌவால்ஸ்கி’ என்று எழுதினால் போலிஷ் ஒலிப்பு கெட்டுவிடும். திருக்கோவலூர், கோவலன் என்று உறவு கொண்டாடவும் வழியில்லை. கோவலன் ஆநிரை காப்பவன். கொவல் சம்மட்டி பிடிப்பவர்.